வெளியே பூட்டு, உள்ளே ஆள்

தீயணைப்பு நிலையம்,
மாடி அறை,
செவ்வாய், மதியம்.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உறையில் கையெழுத்தைப் பார்த்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும், முகத்தையும் சுளித்திருப்பாய். சுளித்தது போதும், முதலில் இந்த நாலு வரியைப் படி. உன் மனைவி நலம். பாப்பா நலம். உன் மாமனார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், ஆனால் தேறிவிட்டார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக டாக்டரே சொல்லிவிட்டார். உன் மனைவியும் பாப்பாவும் என்னோடு என் குவார்ட்டர்ஸில் இருக்கிறார்கள். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டு மீதியைப் படி. நடுவில் பதறினால் திரும்ப இந்த இடத்துக்கே வந்து படித்துக்கொள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். என் நம்பரைப் பார்த்தால் நீ எடுப்பதில்லை. இரண்டு வருஷமாக அடித்து அடித்து எனக்கே அலுத்துவிட்டது. கடிதம் என்றால் கிழித்துப் போடுவதற்காகவாவது கையில் எடுப்பாய் என்று ஒரு நம்பிக்கை. கூரியர்காரர் நாலு நாளில் வெளிநாட்டில் உன் கம்பெனி முகாமில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார்.

புயல் அன்று என்ன நடந்தது என்று உன் மனைவி உனக்குச் சொன்ன கதை எனக்குத் தெரியும். நீ போனில் சொல்லிக்கொடுத்தபடியே முன்வாசலில் வெளிப்பக்கம் பூட்டுப் போட்டார்கள், பின்வாசல் வழியாக உள்ளே போய்ச் சத்தம் காட்டாமல் இருந்தார்கள், வெளியேற்ற வந்தவர்கள் பூட்டைப் பார்த்து ஏமாந்து போனார்கள், தண்ணீர் வாசற்படியைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டது, வீடு கல் மாதிரி நிற்கிறது. இதுதானே? இதில் வந்தவர்கள் ஏமாந்தது வரைக்கும் நிஜம். ஏமாந்தது நான். தண்ணீர் திரும்பவில்லை.

என் வேலை என்ன என்று உனக்குத் தெரியும், அதை எப்படிச் செய்கிறேன் என்று தெரியாது. நீ கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. வெளியேற்ற உத்தரவு வந்தால் நாங்கள் வீடு வீடாகப் போவோம். கிளம்புகிறவர்களை வண்டியில் ஏற்றுவோம். கிளம்ப மாட்டேன் என்கிறவர்களிடம் கெஞ்சுவோம், மிரட்டுவோம், அதற்கும் மசியாவிட்டால் ஒரு படிவத்தை நீட்டுவோம். எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள், யாருக்கு என்ன நோய், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பாதிப் பேர் அந்தக் கடைசிக் கேள்வியைப் படித்ததும் செருப்பைத் தேட ஆரம்பிப்பார்கள். மீதிப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ‘போன தடவையும் இப்படித்தான் பயமுறுத்துனீங்க, ஒரு தூறல்கூட இல்ல’ என்பார்கள். அவர்கள்மேல் எனக்கு ஆத்திரம் வரும், கவலை வராது. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று என் பட்டியலில் இருக்கிறது. காற்று அடங்கியதும் நேராக அங்கே போவேன். கையெழுத்துப் போட்டு மறுக்கிறவரை என்னால் காப்பாற்ற முடியும். பூட்டுப் போட்டு மறுக்கிறவரை எங்கே என்று தேடுவது?

இந்தப் பூட்டு வேலை உன் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொள்ளாதே. மூன்று புயலாக ஊரில் நடக்கிறது. அதனால்தான் என் ஆட்களுக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறேன். பூட்டை நம்பாதே, பின்பக்கம் போய்ப் பார். கொடியில் துணி ஈரமாக இருக்கிறதா, குழாயடி நனைந்திருக்கிறதா, மின்சார மீட்டர் ஓடுகிறதா என்று பார். இதெல்லாம் பார்த்த பிறகுதான் வாசல் சுவரில், தண்ணீர் ஏறினாலும் தெரிகிற உயரத்தில், சிவப்பு மெழுகுக் கட்டியால் வட்டம் போட்டு நடுவில் கோடு இழுக்க வேண்டும். வட்டத்துக்குள் கோடு என்றால் காலி வீடு. படகு அங்கே நிற்காது. இந்தப் பாடத்தைப் பதினாறு வருஷத்தில் எத்தனை பேருக்கு எடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. ஊருக்கு உபதேசம் செய்வதில் உன் அக்காவை மிஞ்ச ஆளில்லை.

போன செவ்வாய்க்கிழமை பிற்பகல் உன் தெருவுக்கு வந்தேன். காற்று இன்னும் எழும்பவில்லை. கால்வாய்ப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு வீடாக முடித்துக்கொண்டு வந்தோம். உன் வீட்டுக்கு நாலு வீடு இருக்கும்போதே நான் நடையைக் குறைத்துவிட்டேன். நீ புது வீட்டுக்குக் குடிபோன அன்று நான் பேசியதை நீ மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும், ‘இது பள்ளம், தண்ணி வந்தா ஜன்னல் வரைக்கும் நிக்கும், மாடிப்படியையாவது முதல்ல கட்டு’ என்றேன். ‘வாழ்த்த வாய் வரலேன்னா இந்தப் பக்கம் வராதே’ என்று நீ சொன்னாய். நானும் ரோஷக்காரி, வரவில்லை. இப்போது யூனிபார்மில் வந்து, கதவைத் தட்டி, உன் மனைவி முகத்தைப் பார்த்து, ‘கிளம்பு’ என்று சொல்ல வேண்டும். அவள் என்ன சொல்லுவாளோ, உன் மாமனார் என்ன குத்தல் பேசுவாரோ என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

கதவில் பூட்டுத் தொங்கியது. தம்பி, உண்மையைச் சொல்கிறேன், அப்பாடா என்று இருந்தது.

என்னோடு தவளை இருந்தான். எங்கள் முக்குளிப்பவனுக்கு அதுதான் பெயர், அவன் அம்மாகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். ‘மேடம், பின்னாடி ஒரு எட்டுப் பார்த்துட்டு வரட்டுமா?’ என்று கேட்டான். ‘வேணாம், இது என் தம்பி வீடு, அவங்க நேரத்தோட போயிருப்பாங்க’ என்று சொல்லிவிட்டு நானே வட்டம் போட்டேன், நானே கோடு இழுத்தேன், கீழே என் பெயரின் முதல் எழுத்தையும் போட்டேன். பத்தடி நடந்து பின்னால் போயிருந்தால் உன் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததைப் பார்த்திருப்பேன். நான் மீட்டரைக்கூடப் பார்க்கவில்லை. இதில் கூத்து என்னவென்றால், உன் மாமனார் முப்பது வருஷம் மீட்டர் கணக்கெடுத்த மனுஷர் அல்லவா? மீட்டர் ஓடினால் ஆள் இருப்பது தெரிந்துவிடும் என்று மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு, மின்விசிறி இல்லாமல் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தாராம். என்னை ஏமாற்ற அவ்வளவு சாமர்த்தியம் தேவைப்படவில்லை.

பாப்பாவை மட்டும் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவோடு பள்ளிக்கூடத்து நிவாரண முகாமுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அது எனக்குத் தெரியாது. எங்கள் நிலையமும் பள்ளத்தில் இருப்பதால் படகு, கயிறு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாங்களும் அதே பள்ளிக்கூடத்தில்தான் தங்கினோம். மூன்று மாடி, எழுநூறு பேர். புதன்கிழமை விடிந்து ஏழு மணி இருக்கும், காற்று ஊளையிடுகிறது, நான் மாடிப்படியில் நின்று டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். பின்னாலிருந்து யாரோ சட்டையை இழுத்தார்கள். பாப்பா. இரண்டு வருஷத்தில் என்ன உயரம்! கொஞ்சலாம் என்று குனிந்தேன். ‘அத்தை, அம்மாவும் தாத்தாவும் எப்ப வருவாங்க?’ என்று கேட்டாள். அவர்கள் எங்கே போயிருக்கிறார்கள் என்று கேட்டேன். ‘எங்கயும் போகல, வீட்டுலதான் இருக்காங்க. பூட்டுப் போட்டா அத்தை போயிடுவாங்கன்னு அப்பா சொன்னாங்க’ என்றாள்.

உடனே படகை இறக்கியிருக்கலாமே என்பாய். முடியாது. காற்று ஒரு அளவுக்கு மேல் போனால் படகு இறங்கக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் சரியானது. போன வருஷம் பக்கத்து நிலையத்தில் ஒருத்தர் மீறிப் போனார், அவரையும் சேர்த்துத் தேட வேண்டியதாயிற்று. என் மேலதிகாரியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். காலி என்று குறி போட்டது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். காற்றின் வேகம் எழுதியிருந்த தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு, ‘காத்து குறையட்டும். நீதான் போற’ என்றார். என் ஆட்களை என் சொந்தக்காரருக்காகச் சாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அதனால் மூன்றே முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். போனும் செத்துவிட்டது. சுருட்டி வைத்திருந்த கயிறுகளை அவிழ்த்து மறுபடி சுருட்டினேன். பாப்பாவும் உட்கார்ந்து கூடச் சுருட்டினாள், நன்றாகவே சுருட்டுகிறாள். பயமாக இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டால் கொண்டுவந்துவிடுவேன் என்பதில் எனக்கு ஒரு நொடியும் சந்தேகம் இல்லை. போய்ச் சேரும் வரைக்கும் அவர்கள் இருக்க வேண்டுமே என்பதுதான்.

பத்தே முக்காலுக்கு அனுமதி கிடைத்தது. நான், தவளை, படகோட்டி. வழியில் கோழிப்பண்ணைக்காரர் கூரைமேல் உட்கார்ந்திருந்தார். முறையாகப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு மறுத்தவர், என் பட்டியலில் முதல் ஆள். அவரைத் தாண்டித்தான் உன் தெருவுக்குப் போக வேண்டும். சொந்த வீட்டு ஆட்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று கூரைமேல் இருப்பவரை விட்டுவிட்டுப் போவது என் வேலையில் கிடையாது. நிறுத்தினோம். அந்த மனுஷர் என்னடாவென்றால் ஒரு கூடைக் கோழியை மடியில் வைத்துக்கொண்டு, ‘இதுங்க வந்தாத்தான் நானும் வருவேன்’ என்கிறார். வேறு நாளாக இருந்தால் கால் மணி நேரம் சட்டம் பேசியிருப்பேன். அன்றைக்கு, ‘ஏத்துங்க, சீக்கிரம்’ என்றேன். தவளை என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆறு கோழி. அதில் ஒன்று படகோட்டி தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது, அவனும் அதைத் தட்டிவிடவில்லை.

உன் வீட்டுக்கு வந்தபோது ஜன்னலில் ஒரு சாண்தான் வெளியே தெரிந்தது. வாசல் சுவர் உச்சியில் என் வட்டம் பளிச்சென்று இருந்தது. மெழுகு அல்லவா, அழியாது. உன் மனைவி பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்தினேன். உள்ளேயிருந்து தட்டைத் தட்டுகிற சத்தம் வந்தது. பிறகு அவள் குரல். ‘அண்ணி, பரண்மேல இருக்கோம். அப்பாவால முடியல.’

அவர்கள் ஏன் வெளியே வரவில்லை என்று கேள். காலையில் தண்ணீர் கால்வாய்ப் பக்கத்திலிருந்து ஒரேயடியாக உள்ளே வந்திருக்கிறது. ஃபிரிட்ஜ் மிதந்து போய்ப் பின்கதவில் குறுக்காக அடைத்துக்கொண்டது. முன்கதவுக்கு வந்தார்கள். சாவி அவள் இடுப்பில் இருக்கிறது, பூட்டு வெளியே இருக்கிறது. மொட்டை மாடிக்குப் போகலாமென்றால் மாடிப்படி நீ அடுத்த லீவில் கட்டப்போவதாகச் சொன்ன இடத்தில் இரண்டு கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அவள் தன் அப்பாவைக் கட்டில்மேல் ஏற்றி, மேஜைமேல் ஏற்றி, பரணில் தள்ளிவிட்டுத் தானும் ஏறியிருக்கிறாள். அந்த இடுக்கில் படுத்துக்கொண்டு நாலு மணி நேரம். நாங்கள் போனபோது, ஜன்னல் உச்சியைவிடத் தாழ்வான அந்தப் பரணிலும் தண்ணீர் ஏறி, அவர் முகத்தை அவள் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஜன்னல்தான் வழி. அந்த ஜன்னல் கம்பியை யார் போட்டது? ஊரிலேயே பேர்போன வெல்டர் என் தம்பி. கட்டைவிரல் கனத்தில் கம்பி, ஒவ்வொரு கண்ணியிலும் பற்றவைப்பு. ‘திருடன் நாலு நாள் உட்கார்ந்து அறுத்தாலும் வராது’ என்று நீ சொன்னாயாம். நீ சொன்னது சரி. எங்கள் வெட்டு இயந்திரத்துக்குப் பன்னிரண்டு இடத்தில் வெட்ட வேண்டியிருந்தது. எட்டாவது வெட்டில் பேட்டரி போய்விட்டது. வெட்டின கம்பிகளுக்கு நடுவில் கடப்பாரையைக் கொடுத்து நானும் தவளையும் நெம்பினோம். உன்னைத் திட்டினேன். திட்டிக்கொண்டே, பாவி, என்ன வேலை செய்திருக்கிறான் என்று வியந்தேன். கடைசிக் கம்பி விட்டுக்கொடுத்தபோது தெறித்துத் தவளையின் முன்கையைக் கிழித்துவிட்டது. பதினாலு தையல். அவன் அந்தக் கையோடுதான் உள்ளே முங்கினான்.

முதலில் அவள் உன் மாமனாரைத் தவளையிடம் தள்ளிவிட்டாள். நீலம் பாரித்துப் போய், பல் கிட்டிக்கொண்டு, ஆனாலும் என்னைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, ‘மெயின அணைச்சுட்டேம்மா, தைரியமா கை வைங்க’ என்பது. எனக்கு டிமிக்கி கொடுப்பதற்காக அணைத்த மெயின்தான் அவர்களைக் காப்பாற்றியது. அதை அணைக்காமல் இருந்திருந்தால் ஏழு மணிக்கே முடிந்திருக்கும். அவரை இனிமேல் நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன், நீயும் சொல்லாதே.

அடுத்து அவள் வந்தாள். பரண் விளிம்பைப் பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் உரிந்திருந்தது. படகில் போட்டுக் கம்பளி போர்த்தினேன். பாப்பா எங்கே என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறாள் என்றேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘அண்ணி, அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவரு சொல்லித்தானே பூட்டினோம், அங்க தனியா இருக்கிற மனுஷன், தாங்க மாட்டாரு’ என்றாள். சரி என்று தலையாட்டினேன். இன்று அந்த வாக்கை மீறிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் அதையும் சொல்லிவிடுவேன்.

பள்ளிக்கூடத்து வாசலில் பாப்பா நின்றிருந்தாள். அதுவரை ஒரு சொட்டு அழாத பெண், அம்மாவைப் பார்த்ததும் முதுகில் பளீரென்று ஒரு அடி வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். கோழிப்பண்ணைக்காரர் போகும்போது அவளுக்கு ஒரு கோழியைக் கொடுத்துவிட்டுப் போனார். அது இப்போது என் பால்கனியில் இருக்கிறது. குவார்ட்டர்ஸில் கோழி வளர்க்கக் கூடாது என்று ஒரு நோட்டீஸும் வந்திருக்கிறது.

என்மேல் விசாரணை நடந்தது. மழுப்பவில்லை. என் குறி, என் எழுத்து, என் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு மாதம் படகில் ஏறக் கூடாது, மாடி அறையில் உட்கார்ந்து புது ஆட்களுக்குப் பாடம் எடு என்று உத்தரவு. கிடைத்தது குறைவுதான். ஒரு புது விதி எழுதிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள். சொந்தக்காரர் வீட்டைச் சொந்தக்காரர் சோதிக்கக் கூடாது, வேறு ஒருவர்தான் பின்பக்கம் போக வேண்டும். பதினாறு வருஷ அனுபவத்தில் எனக்கு இது தோன்றவில்லை, உன் வீட்டு வாசலில்தான் தோன்றியது. நான் மறுபடி படகில் ஏறுவேன், அதில் எனக்கு ஐயமே இல்லை. இந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்கிறவர்கள் இங்கே ரொம்பப் பேர் இல்லை. ஆனால் அன்றைக்கு என் ரோஷத்துக்காக இரண்டு உயிரைப் பணயம் வைத்தேன். நீ உன் ரோஷத்துக்காக அதே இரண்டு உயிரை வைத்தாய். நாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பதில் நீயும் நானும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தான்.

இதையெல்லாம் எழுதாமலே இருந்திருப்பேன். அவள் கேட்டுக்கொண்டபடி வாயை மூடிக்கொண்டிருந்திருப்பேன். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாயே, அப்போது நான் அடுப்படியில் இருந்தேன். நீ சிரித்தது எனக்குக் கேட்டது. ‘பார்த்தியா, நம்ம வீடு அசையல இல்ல? இனிமே எந்த உத்தரவு வந்தாலும் இதையே பண்ணு’ என்று நீ சொன்னாய். அவள் அந்தப் பக்கம் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டு, ‘சரிங்க’ என்றாள். கட்டுப் போட்ட கையில் போன் இருந்தது.

நேற்று அவள் போய்ச் சேற்றை வாரிக் கழுவிவிட்டு வந்தாள். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அங்கேயே போய்விடுகிறோம் என்கிறாள். அடுத்த தடவை உத்தரவு வந்தால் கிளம்புவாயா என்று கேட்டேன். ‘அவரு சொன்னா கிளம்புவேன்’ என்றாள். நான் சொன்னால் என்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளைக் குறை சொல்லாதே. நீ தூரதேசத்தில் வேகிற வெயிலில் பற்றவைத்துக் கட்டிய வீட்டை அவள் விட்டுவிட்டு ஓடினாள் என்று இருக்கக் கூடாதாம். அதற்காகத் தண்ணீருக்குள் நின்றாள், இன்னொரு முறையும் நிற்பாள்.

கடலில் இன்னொன்று சுழல ஆரம்பித்திருக்கிறது என்று இன்று காலை அறிக்கை வந்தது. நம் பக்கம் வருமா, வேறு பக்கம் திரும்புமா என்று இன்னும் தெரியவில்லை. பருவம் முடிய ஆறு வாரம் இருக்கிறது. நான் படகில் இருக்க மாட்டேன்.

லீவில் வரும்போது மாடிப்படியைக் கட்டு. ஜன்னல் கம்பியில் உள்ளேயிருந்து திறக்கிற மாதிரி ஒரு கதவு வை, உனக்கு அது அரை நாள் வேலை. அதெல்லாம் பிறகு. இப்போது ஒரு வேலைதான். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அவளுக்குப் போன் போடு. வீடு நின்றதா விழுந்ததா என்று கேட்காதே. அவள் கை எப்படி இருக்கிறது என்று கேள். அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று சொல். உத்தரவு வந்த அந்த நிமிஷமே பாப்பாவையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடு, வீடு போனால் போகட்டும், நான் கட்டிக்கொள்கிறேன் என்று உன் வாயால் சொல். நான் நூறு தரம் சொன்னாலும் அவள் காதில் ஏறாதது நீ ஒரு தரம் சொன்னால் ஏறும். நான் படகோடு போய் அவர்களை மீட்டதைவிட அந்த ஒரு பேச்சு பெரிய மீட்பு.

அவளிடம் பேசி முடித்த பிறகு மனம் இருந்தால் என்னைக் கூப்பிடு. நான் குறி போட்டுவிட்டு நடக்காமல் விட்ட பத்தடிக்காக நீ என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன், எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். குடிபோன அன்று வாழ்த்தாமல் வந்துவிட்டேன் அல்லவா, இப்போது வாழ்த்துகிறேன். நீயும் உன் மனைவியும் பாப்பாவும் எந்த வீட்டில் இருந்தாலும் நூறு வயது இருங்கள். நீ என்னோடு பேசி இரண்டு வருஷமாகிறது, தம்பி.

உன்மேல் என்றும் மாறாத பாசமுள்ள,
அக்கா.